ஏழாம் வீட்டின் வெளிச்சுவர்

இது நடந்தது. நடக்கவில்லை என்று நிரூபிக்கத்தான் கோகிலவாணி இத்தனை மாதமாகத் தன் டைரியைப் புரட்டுகிறாள். தேதி, மணி, அளவு எல்லாம் அவள் கையெழுத்தில்தான் இருக்கின்றன. எங்கே பிசகினோம் என்றுதான் தெரியவில்லை.

மாட்டுங்கா ரயில் பாதையோரம் 'கோரா லைன்' என்றொரு வீட்டு வரிசை. வெள்ளைக்கார இன்ஜினியர்கள் குடியிருக்க, அவர்கள் ஊர் மாதிரியிலேயே கட்டியது. ஒரே கூரையின் கீழ் ஏழு வீடுகள். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். வியர்த்து ஒழுகும் மும்பையில் அறைக்கு அறை குளிர்காயும் அடுப்பு வேறு. ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டின் கண்ணாடிப் பிம்பம். ஜோடி ஜோடியாக, மாடிப்படிகள் நடுச்சுவரில் முதுகோடு முதுகு சாய்ந்திருக்கும். ஏழாவது மட்டும் ஜோடியில்லாமல் நின்றது. அதன் வெளிச்சுவரில் செங்கற்கள் பல் பல்லாக நீட்டிக்கொண்டிருந்தன. எட்டாவது வீட்டை ஒட்டிக் கட்ட விட்டுவைத்தவை. கட்டவே இல்லை. அந்தப் பக்கம் வெறும் மண், அப்புறம் தண்டவாளம்.

வரிசையை இடிக்கப்போகிறார்கள். குடியிருப்பவர்களுக்கு மாற்று இடம் தர, அளந்து வரைபடம் வேண்டும். அந்த வேலை கோகிலவாணி கட்டட வரைபடம் படிக்கும் மாலை வகுப்புக்கு வந்தது.

ஏழாம் வீட்டின் கீழறையில் முப்பத்தொரு வருஷமாக இருப்பவள் முருகம்மாள். ஆஸ்பத்திரித் துணி வெளுப்பவள்.

"ஏட்டி, என் ரூம விட்டுராத. எங்கிட்ட ஒரு காகஜும் கெடையாது, ஒரு துண்டுச் சீட்டு கெடையாது. எல்லாம் வெள்ளத்துல போச்சு. ஒன் படந்தான் எனக்குச் சாட்சி."

"விடமாட்டேன் பெரிம்மா."

மாலை மணி 6.20. வீட்டுக்குள், மாடிப்படியோரம் வெளிச்சுவரில் அளவு டேப்பை வைத்தாள்.

தட்... தட்... தட்...

யாரோ படியேறினார்கள். கண்ணெதிரே இருந்த படி காலி. சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம்.

"பக்கத்து வீட்டுக்காரவ," என்றாள் முருகம்மாள், வெங்காயம் நறுக்கியபடி. "வேல முடிஞ்சு இந்நேரந்தான் வருவாவ."

"அந்தப் பக்கம் வீடே இல்லையே பெரிம்மா..."

"எனக்கு மட்டும் வீடு இருக்குன்னு எவன் சொல்லுதான்?"

6.24. வெளியே ஓடிப் பார்த்தாள். மண். செங்கல் பற்கள். யாருமில்லை.

திரும்பி வந்து சுவரில் காதை வைத்தாள். ஒரு கதவு சாத்திக்கொண்டது. பிறகு...

சர்ர்ர்ர்...

டேப் இழுக்கும் சத்தம். அந்தப் பக்கமும் யாரோ அளந்தார்கள்.

இரண்டடி நகர்ந்தாள். அதுவும் நகர்ந்தது.

நின்றாள்.

நின்றது.

மறுநாள் வகுப்பில் கம்ப்யூட்டரில் வரைந்தாள். இப்படிப்பட்ட வரிசைக்கு ஒரு வீட்டை வரைந்தால் போதும். 'மிரர்' கொடுத்தால் அடுத்தது வந்துவிடும். இரண்டு, மூன்று, நான்கு... பழகிய விரல் ஒரு தடவை அதிகமாகத் தட்டிவிட்டது. எட்டாவது வீடு, படியோடு, திரையில் நின்றது.

அழிப்பதற்குள் ஆசிரியர் பத்ரி, ஆபீசில் கொடுக்க, ஃபைலைப் பென் டிரைவில் எடுத்துவிட்டார்.

"சார், அதுல ஒரு தப்பு..."

"உனக்கு எப்பப் பாரு தப்புதான்! சரியா இருக்கும், போம்மா."

சரியாகத்தான் இருக்குமோ என்று அவளும் போய்விட்டாள்.

ஐந்து மாதம் கழித்து, யார் யாருக்கு மாற்று இடம் என்று பட்டியல் ஒட்டினார்கள். ஏழாம் வீடு, முருகம்மாள்: ஆவணம் இல்லை, தள்ளுபடி. அதற்குக் கீழே எட்டாம் வீடு: நான்கு பேர். ரேஷன் கார்டு, கரண்ட் பில், எல்லாம் சரி. மான்குர்த்தில் அறை. சாவி வாங்கிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

வரிசையை இடித்துவிட்டார்கள். முருகம்மாள் இன்று ஏழாம் வீட்டுக்கு அந்தப் பக்கமிருந்த வெறும் மண்ணில், தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறாள். கோகிலவாணியிடம் பேசுவதில்லை.

சாவி கொடுத்த குமாஸ்தா நாகராஜைத் தேடிப்போய்க் கேட்டாள்.

"அந்த எட்டாம் வீட்டுக்காரங்க எப்படி இருந்தாங்க?"

"தங்கமான மனுஷங்க. ஒரு சண்டையில்ல, சத்தமில்ல. உக்காரச் சொன்னேன், உக்காரல. நாலு பேரும் செவத்துல முதுக ஒட்டியே நின்னாங்க. கூப்பிட்டப்பகூட... செவத்தோடயே நகந்துதான் வந்தாங்க."