ஐந்து விரல் தடம்

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. பண்ணைப்புரத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். துணி காயப்போட அவள் கையைத் தூக்கியபோது நைட்டியின் கை நழுவியது. தோளுக்குக் கீழே திட்டுத் திட்டாகக் கன்றிக் கிடந்தது. எங்கோ இடித்துக்கொண்டேன் என்றாள். அடி வாங்குகிற எந்தப் பெண்தான் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள்?

அவள் கணவர் வாழைத் தோட்டத்திலிருந்து வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“கை நீட்டுற ஆம்பளைக்கு எங்க வீட்டுப் பொண்ணு கேக்குதா?”

தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் தலையைக் குனிந்து நின்றார், மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. “அவுக ஒண்ணும் செய்யலக்கா” என்று அழுதவளை முன்கையைப் பிடித்து இழுத்து, சின்னமனூர் பஸ்ஸில் ஏற்றி என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பல் துலக்கும்போது அவள் வாயெல்லாம் ரத்தம். கால்களில் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். முன்கையில் ஐந்து விரல்கள் கருநீலமாகப் பதிந்திருந்தன. என் கையை மேலே வைத்துப் பார்த்தேன். அப்படியே பொருந்தியது.

தேனி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தகவல் தெரிந்து அவள் கணவரும் வந்து சேர்ந்தார். டாக்டர் விரல் தடத்தைப் பார்த்துவிட்டு அவரை முறைத்தார்.

“அது நான் பிடிச்சது, டாக்டர்” என்றேன்.

ரத்தத்தில் தட்டணுக்கள் எட்டாயிரம்தான் இருந்தன. ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாதாம். டெங்குவா என்று கேட்டேன். இல்லை என்றார். ரத்தம் கசிகிற இடத்தை அடைப்பது தட்டணுக்களின் வேலை. நோயோடு சண்டை போட வேண்டிய இவள் உடம்பு அவற்றையே எதிரி என்று நினைத்து அழிக்கிறது. மருந்து இருக்கிறது, ஆனால் அதற்குள் தலைக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். அவளை யாருமே அடிக்கவில்லை.

மறுபடி ரத்தம் எடுத்த இடத்தில் கசிவு நிற்கவில்லை. நர்ஸ் பஞ்சை அவள் கணவரிடம் கொடுத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அவர் பட்டும் படாமலும் வைத்தார். பஞ்சு சிவந்து நனைந்தது. நர்ஸ் அதட்டியும் அவரால் அழுத்த முடியவில்லை.

“நான் தொட்ட எடமெல்லாம் கன்னிப்போச்சு மதினி. தூக்கத்துல நான்தான் முரட்டுத்தனமா பிடிச்சுட்டேனோன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்.”

அதனால்தான் அன்று அவர் வாய் திறக்கவில்லை. பஞ்சை வாங்கி நான் அழுத்திப் பிடித்தேன். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.