நுரை துடைத்த செய்திகள்

ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய சலூனில் எனக்குச் சவரம் செய்துவிட்டவருக்கு ஒரு பழக்கம். பழைய பேப்பரைக் கிழித்து வாடிக்கையாளரின் தோளில் வைப்பார். கத்தியில் ஒட்டிய நுரையை அதில் துடைக்கும் முன், அந்தத் துண்டில் இருக்கும் செய்தியைப் படித்து ஏதாவது சொல்வார். மெலிந்த ஆள். தான் சிரிக்காமல் நம்மைச் சிரிக்க வைப்பார்.

வளைகுடாப் போரின்போது பாக்தாத்தில் குண்டு விழுந்த செய்தி என் தோளுக்கு வந்தது.

"எண்ணெய்னா எத்தினி நாட்டுக்காரன் ஓடியாறான் பாரு சார்! நம்ம ஏரிய தூர் வார ஒருத்தன் வரல."

நான் சிரித்தேன். அவர் பாக்தாத்தின் மேல் நுரையைத் துடைத்தார்.

அந்த ஆண்டு மே மாதம் எங்கள் ஊரிலேயே குண்டு வெடித்தது. ஒரு தலைவரும் அருகில் நின்றவர்களும் செத்துப்போனார்கள். சில நாள் கழித்துச் சலூனுக்குப் போனேன். அவர் நுரையைத் தன் புறங்கையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பேப்பர் இல்லையா?"

"கீது சார். எல்லாத்துலயும் நம்ம ஊர் பேரு கீது. அதுல எப்டி தொடைக்கிறது?"

கத்தியை என் கழுத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு கேட்டார்: "பாக்தாத்துலயும் சலூன் இருக்கும் இல்ல சார்?"

கத்தி கழுத்தில் இருந்ததால் நான் அசையவில்லை. அவர் கத்தியை எடுத்து, நுரையை மறுபடியும் தன் புறங்கையிலேயே துடைத்தார்.