காருக்குள் இருந்த சிம்

பழைய கார் வாங்கும்போது டயரைத் தட்டிப் பார்த்தேன், டிக்கியைத் திறந்து பார்த்தேன். அதற்குள் ஒரு சிம் இருக்கும் என்று தோன்றவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். விற்றவரும் என்னைப்போலக் கருவாட்டு வியாபாரிதான்.

எந்தக் கரையில் நெத்திலி விழுந்திருக்கிறது என்று தகவல் வந்ததும் கிளம்பிவிடுவேன். முதலில் போய் நிற்பவன் கேட்கும் விலையில்தான் ஏலம் தொடங்கும். இந்தக் கார் வந்த பிறகு, நான் எங்கே இறங்கினாலும் சற்று நேரத்தில் காரை விற்றவருடைய வேனும் வந்து நின்றது. சரக்கு கைநழுவிப் போனது. ஏலம் விடுகிறவர்தான் அவருக்குத் தகவல் சொல்கிறார் என்று நினைத்து, அவரோடு டீ குடிப்பதை நிறுத்தினேன். என் போனை அணைத்துவிட்டும் போய்ப் பார்த்தேன். வீட்டில் மனைவி பயந்துபோனதுதான் மிச்சம்.

ஒருநாள் காரை விற்றவரே வாயை விட்டார்.

"என்ன அண்ணாச்சி, நேத்து மாப்பிள்ளையூரணில ரொம்ப நேரம் நின்னீய? பொண்ணு பாக்கப் போனீயளோ?"

நான் நின்றது பஞ்சர் கடையில். அந்த நேரம் அவர் திருச்செந்தூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்.

நேரே மெக்கானிக்கிடம் போனேன். "வண்டியிலேயே சிம்மு இருக்கு. வித்தவரு போன்ல நீங்க போற எடமெல்லாம் தெரியும்" என்றார். சிம்மை என் பேருக்கு மாற்றச் சொல்லி கார் கம்பெனிக்குப் பேசினோம். பழைய ஓனர் போனுக்கு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்கள் என்றார்கள். அதை நான் அவரிடமே போய்க் கேட்கவா?

"கழட்டிருவோம் அண்ணாச்சி. ஆனா மேல இருக்க அந்தச் செவப்புப் பட்டனும் செத்துரும். எங்கயாவது மோதுனா அதுதான் உதவிக்கு ஆளைக் கூப்பிடும்" என்றார் மெக்கானிக்.

அந்தப் பட்டனுக்காகவே இந்தக் காரை வாங்கியவன் நான்.

"வண்டி வழில நின்னுராதே? பிரேக்கு பிடிக்குமா?"

"பிரேக்குக்கு சிம்மு கெடையாது அண்ணாச்சி."

டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த சின்னப் பெட்டியின் வயரை உருவினார். பட்டனில் எரிந்த விளக்கு அணைந்தது. வண்டி ஓடியது.

அடுத்த தடவை வேம்பார் கரையில் நான் மட்டும் நின்றேன். ஏலக்காரர் டீயை நீட்டினார். "கோவம் தீந்துட்டா?" என்றார். வாங்கிக் குடித்தேன். ஏலம் முடியும்வரை வேன் வரவில்லை.

சரக்கை ஏற்றிவிட்டுக் காரில் உட்கார்ந்ததும் கண் அந்தப் பட்டனுக்குத்தான் போனது. கிளம்பும் முன் மனைவிக்குப் போன் போட்டேன்.

"எங்க இருக்கீய?"

"வேம்பார்ல."

"எந்த வழியா வாரீய?"

ஊர் ஊராகச் சொன்னேன்.