நிற்காமல் நடந்த அப்பா

இன்று என் அப்பா உயிரோடு இருப்பதற்கு அன்புசெல்விதான் காரணம். நர்சிங் படிப்பதற்கு முன் இரண்டு வருடம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர் அவர். இப்போது ஒரு மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் இருக்கிறார். இதய அறுவை முடிந்து வீடு திரும்பியவர்களைக் கணினித் திரையில் கவனிப்பது அவர் வேலை.

அப்பாவின் இடுப்பிலும் தீப்பெட்டி அளவு கருவி ஒன்றை மாட்டிவிட்டிருந்தார்கள். நடக்கும் அடிகளை எண்ணி அது மருத்துவமனைக்கும் என் கைபேசிக்கும் அனுப்பும். வேலைக்காக நெதர்லாந்தின் ராட்டர்டாமில் இருந்துகொண்டு நான் தினமும் போன் போட்டு, "ஏனுங்கப்பா, ஆயிரம்கூடத் தாண்டல?" என்று திட்டினேன்.

ஒரு வாரத்தில் எண்ணிக்கை ஏழாயிரத்தைத் தாண்டியது. மென்பொருள் பச்சை காட்டியது. நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

அன்புசெல்விக்கு மட்டும் அந்தப் பச்சை உறுத்தியது. ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை ஒரே சீரான நடை. பதினொன்றுக்குச் சரியாக இருபது நிமிடம் நிற்கிறது. மறுபடி அதே சீர். பனியன் கம்பெனியில் டீ பிரேக் அப்படித்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். டியூட்டி முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு பொங்கலூரில் எங்கள் வீட்டுக்கே போய்விட்டார். பக்கத்துக் கட்டடத்தில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அய்யா, நாலு மணி நேரம் உக்காராமயா நடக்கறீங்க?"

"ஆமா கண்ணு. எளந்தாரியாட்ட நடப்பேன்."

"எளந்தாரியும் மூச்சு வாங்க நிப்பானுங்க. பெட்டிய நிட்டிங் மிஷின்ல மாட்டி உட்டுட்டீங்களா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டாராம். "பத்தடி வெச்சா மூச்சு வாங்குது கண்ணு. சொன்னா பையன் வேலைய உட்டுட்டு ஓடியாருவான். மிஷின் ஆட்டத்துல நெம்பர் ஏறுது, அவனும் சந்தோசமா இருக்கறான்."

அன்புசெல்வி அவர் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது, நிரம்பவில்லை. அன்று மாலையே அப்பாவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார் மருத்துவர்.

ஆறாம் நாள் அப்பா வீடு திரும்பினார். நான் அன்புசெல்வியை அழைத்து என்னென்னவோ சொல்லி நன்றி கூறினேன்.

"இருக்கட்டுங்ணா. ஒண்ணே ஒண்ணு. போன் போட்டா அவரத் திட்டாதீங்க. நீங்க பயந்தா அவரு பொய் சொல்றாரு."

"சரிங்க" என்றேன். அன்று அப்பாவை அழைத்து, சாப்பிட்டாரா என்று மட்டும் கேட்டேன். அவராகவே சொன்னார், "நேத்து ராத்திரி கொஞ்சம் மூச்சு முட்டுச்சு சாமி. அந்தப் புள்ளைக்குக் கூப்புட்டுச் சொல்லிட்டேன்."