தூதுவளைக்கு ஒட்டிய அளவுக் கடதாசி

வன்னிக்கு அப்போதிக்கரியாக, அதாவது அரசாங்க உதவி வைத்தியராக, மாற்றலாகிப் போன முதல் நாள். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு சின்ன டிஸ்பென்சரி. முதல் நோயாளி வேலுப்பிள்ளை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றக் கொலனியில் வயல் செய்பவர். வாசலில் தும்மி முடித்த பிறகே அவருக்குப் பேச்சு வந்தது.

"வைக்கல் தூசி பட்டாத் தும்மல் நிக்குதில்லை, ஐயா. வெட்டிக் குவிச்ச நெல்லுச் சூட்டை மாடு விட்டு அடிக்க ரெண்டு தரம் நாள் பாத்தாச்சு. ரெண்டு தரமும் கற்பூரம் கொளுத்தேக்க தும்மிப்போட்டன். அபசகுனமெண்டு மாட்டுக்காரர் திரும்பிப் போட்டினம். வெள்ளிக்கிழமையும் தும்மினா ஒருத்தரும் வராயினம். மழை இருட்டிக்கொண்டு நிக்குது. வருசச் சாப்பாடு ஐயா!"

நான் படித்த பாடத்தில் அபசகுனத்துக்கு மருந்து இல்லை. கையிருப்பில் இருந்த தும்மல் குளிசையோ ஆளைத் தூங்க வைத்துவிடும். நல்ல நேரத்தில் குறட்டை விடுவது என்ன சகுனமோ தெரியவில்லை. அதனால் எங்கள் வீட்டு வைத்தியத்தைச் சொன்னேன்.

"வேலியில தூதுவளை நிக்குமெல்லே? இஞ்சி, மிளகோட இடிச்சு அவிச்சுக் குடியுங்கோ."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அது ஆடு தின்னுற சாமான். அதுக்கோ நாலு கட்டை தூரம் நடந்து வந்தனான்? கவுண்மேந்து மருந்து தாங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. பின்பக்கம் போய் டிஸ்பென்சரி வேலியிலேயே இலை பறித்து, இடித்து, அவித்து, வடித்து, மருந்து மிக்சருக்கு விடும் சிவப்புச் சாயத்தில் ஒரு துளி விட்டேன். அவர் கொண்டுவந்த போத்தலில் ஊற்றி, ஒரு வேளை அளவுக்கு ஒரு வெட்டாக விளிம்பு நறுக்கிய அளவுக் கடதாசியை வெளியே ஒட்டினேன். "மூண்டு நேரம். குலுக்கிக் குடிக்கோணும். மூக்குக்குத் துணியும் கட்டுங்கோ."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தினமும் காலையில் வந்து போத்தலை நிரப்பிக்கொண்டு போனார். மூன்றாம் நாள், "மருந்தெண்டா இதெல்லோ மருந்து!" என்றார். சாறு கேட்டதோ, துணி கேட்டதோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை களத்தில் எனக்கு முதல் மரியாதை. கதிர்ச் சூட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். கற்பூரம் எரிந்தது. எல்லோருடைய கண்ணும் வேலுப்பிள்ளையின் மூக்கில். அவர் தும்மவில்லை.

நான் தும்மினேன். மூன்று தரம்.

மாட்டுக்காரர் கயிற்றைக் கீழே போட்டார். வேலுப்பிள்ளையின் வருசச் சாப்பாட்டை நானே கெடுத்துவிட்டேன்.

வேலுப்பிள்ளை அசையவில்லை. "களத்துக்காரன் நான் தும்மேல்லை. ஐயா தும்மினது ஆஸ்பத்திரித் தும்மல், அது கணக்கில்லை. மாட்டைப் பிடியுங்கோ!" என்றார்.

மாடுகள் சுற்றத் தொடங்கின. அவர் மடியிலிருந்து போத்தலை எடுத்தார்.

"ஐயா, ஒரு வெட்டு மிச்சம் கிடக்கு."

அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எனக்கும் அதே தூசி, அதே தும்மல். மூன்று நாளாக இடித்து வடித்தும் ஒரு கரண்டி நான் வாயில் வைத்ததில்லை. வேலி இலைதானே என்ற எண்ணம் எனக்கும் இருந்திருக்கிறது. இந்த மருந்துத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, கடதாசி ஒட்டுமுன் ஒரு வாய் நீங்கள் குடித்துப் பாருங்கள்.

நான் போத்தலை வாயருகே கொண்டு போனேன். வேலுப்பிள்ளை கையைப் பிடித்தார்.

"குலுக்கிக் குடியுங்கோ, ஐயா."