பேராசிரியர்களுக்கு புரொஜக்டர் பழக்கிய கதை

எந்த பிளக்கை எந்தத் துளையில் செருக வேண்டும் என்று கல்லூரிப் பேராசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் என் உத்தியோகம். அதுவும் அவர்கள் மனம் புண்படாமல். வீட்டில் பெரியவர்களுக்கு ரேடியோவில் ஸ்டேஷன் வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, "எல்லாம் எனக்குத் தெரியும்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களில் இருப்பார்கள். அதையே மாதச் சம்பளத்துக்குச் செய்தவன் நான்.

டெம்பரவரி மாப்பிள்ளை

எழுபதுகளின் தொடக்கம். தி.நகரில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் இருந்த என்னை மயிலாப்பூரில் ஒரு கல்லூரி வேலைக்கு எடுத்துக்கொண்டது. பதினாறு மில்லிமீட்டர் படம் ஓட்டும் புரொஜக்டர், ஸ்லைடு காட்டும் மிஷின், கண்ணாடிமேல் எழுதினால் திரையில் தெரியும் ஓவர்ஹெட் மிஷின், ஒரு ஸ்பூல் டேப் ரிக்கார்டர் எல்லாம் வாங்கி, எதையும் யாரும் தொடாமல் ஒரு அறையில் வைத்திருந்தார்கள். கல்லூரிச் செயலாளர் ஒரு நோட்டைக் கொடுத்து, "ஒரு வருஷம் டெம்பரவரி. புரொபசர்களுக்கு இதையெல்லாம் கத்துக்கொடுங்க. உபயோகிச்சவங்க இதுல கையெழுத்துப் போடட்டும். மார்ச் மாசம் பார்த்துட்டு பர்மனென்ட் பண்றதா வேண்டாமான்னு சொல்றேன்" என்றார்.

இதில் என் கல்யாணமும் மாட்டிக்கொண்டிருந்தது. ஆதம்பாக்கத்தில் விஜயாவை நிச்சயம் செய்வதாகப் பேச்சு. அவளுக்கும் எனக்கும் சம்மதம். அவள் அப்பாவுக்கும் சம்மதம்தான், ஒரு சொல்லைத் தவிர. மாதம் ஒருமுறை என்னைப் பார்த்து, "ஆர்டர் வந்துடுச்சா?" என்பார். இன்னும் இல்லை மாமா என்றால் காப்பியை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொல்வார்: "தப்பா நினைக்காதீங்க. டெம்பரவரி மாப்பிள்ளைக்குப் பொண்ணையும் டெம்பரவரியாத்தான் கொடுக்க முடியும்."

தலைகீழ் கோபுரம்

முதலில் மாட்டியவர் சரித்திரப் பேராசிரியர். கோயில் சிற்பங்களை ஸ்லைடாகவே வைத்திருந்தார். ஸ்லைடை மிஷினில் தலைகீழாகச் செருகினால்தான் திரையில் நேராக விழும். லென்ஸின் குணம் அது. இதை மூன்று நாள் சொல்லிக் கொடுத்தேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வகுப்பில் பார்த்தால் கோபுரம் கலசத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்கிறது. அடுத்து வந்த நடராஜர் தலையால் நின்று ஆடினார். பையன்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் குறிப்பெடுத்தார்கள்.

"சார், தலைகீழா வைக்கணும்" என்று காதில் சொன்னேன். அவருக்கு மறக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தேதான் நேராக வைத்திருக்கிறார். மிஷினைவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, ஸ்லைடுப் பெட்டியை என்னிடம் நீட்டினார். "ஆத்துல தினம் பூஜை பண்ணிண்டு வரேன். என் கையால ஸ்வாமியைத் தலைகீழா வைக்க மாட்டேன். நீர் வையும், பாவம் உம்மோட போகட்டும்."

யார் குரல் இது?

பொருளாதாரப் பேராசிரியரின் பாடத்தை டேப்பில் பதிவு செய்து போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிஷம் கேட்டார். "இது யார் பேசறது?" நீங்கதான் சார் என்றேன். மிஷினில் கோளாறு என்றார். ஸ்டாஃப் ரூமில் இருந்த எல்லாரும் அச்சு அசல் உங்கள் குரல்தான் என்று சொன்னது அவருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. நான் ரேடியோ ரிப்பேர்காரன் என்பது வேறு தெரிந்துபோய், தன் குரல் தன் குரலாக வரும்வரை ரிப்பேர் செய்து தரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

கடைசியில் வீட்டாரிடம் போட்டுக் காட்டி முடிவு செய்வது என்றாயிற்று. அரிசி மூட்டை கனத்தில் இருந்த மிஷினைத் தூக்கிக்கொண்டு அவரோடு ரிக்‌ஷாவில் தி.நகர் போனேன். அவர் மனைவி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று, முகத்தில் எந்த மாறுதலும் இல்லாமல் முழுப் பாடத்தையும் கேட்டார். பிறகு புருஷனைப் பார்த்தார். "பதினெட்டு வருஷமா நான் கேக்கறது இதேதான். நீங்க இன்னிக்குத்தான் கேக்கறீங்க."

நோட்டில் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் 'ஆட்சேபணையுடன்' என்று எழுதினார்.

வெள்ளைப் போர்டு

கணிதப் பேராசிரியர் ஓவர்ஹெட் கண்ணாடியில் பேனாவால் மூன்று வரி ஒழுங்காக எழுதினார். எனக்கு மனம் குளிர்ந்தது. நாலாவது வரியில் கணக்கு சூடு பிடித்துவிட்டது. இருபது வருஷப் பழக்கம், கால் தானாக நடந்து திரைக்குப் போய்விட்டது; சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, புத்தம் புதுத் திரையில் அழுத்தமாக மீதியை எழுதத் தொடங்கினார். வெள்ளைத் துணியில் வெள்ளை சாக்பீஸ். ஒன்றும் தெரியவில்லை என்று பையன்கள் முணுமுணுத்தார்கள். அவர் என் பக்கம் திரும்பி, "போர்டை வெள்ளையா வாங்கத் தெரிஞ்சவங்களுக்கு சாக்பீஸைக் கறுப்பா வாங்கத் தெரியலையே" என்றார்.

பிலோமினா மேடம்

தாவரவியல் பிலோமினா மேடம் சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர். அவர் குடும்பத்தில் 'டீச்சர்' என்று கூப்பிட்டால் ஐந்து பேர் திரும்பிப் பார்ப்பார்களாம். ஐம்பதை நெருங்கிய வயது. இருக்கிறதிலேயே சிக்கலான மிஷின் படம் ஓட்டும் புரொஜக்டர்தான். பல் சக்கரங்களுக்குள் ஃபிலிமை வளைத்து வளைத்துக் கோக்க வேண்டும். மேடம் ஒருமுறை பார்த்தார். "தையல் மிஷின்ல நூல் கோக்கறதுதானே தம்பி" என்று சொல்லிவிட்டு, மறுநாள் தானே கோத்து ஓட்டினார். மூன்றாவது வாரத்தில் எண்ணெய் விடுவது, லென்ஸ் துடைப்பது, பல்பு மாற்றுவது எல்லாம் அவர் கைக்கு வந்துவிட்டது. ஃபிலிம் கோக்கும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். பாடம் நடத்தும்போதுகூட நான் அதைப் பார்த்ததில்லை.

என் முதல் மாணவி. பெருமை தாங்காமல் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் செயலாளரிடமும் சொன்னேன். அட்டெண்டர் முனுசாமிதான் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னா சார், நீ செய்ற வேலைக்கு நீயே வேற ஆளைத் தயார் பண்ணிக்கினு கீறே?"

மார்ச் மாசம்

முனுசாமி சொன்னதுதான் நடந்தது. செயலாளர் நோட்டைப் புரட்டி, கையெழுத்துகளைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு, "பிலோமினா மேடம் தானே ஓட்டறாங்கன்னு சொன்னீங்களே. அவங்களால முடிஞ்சா எல்லாராலயும் முடியும். அப்புறம் தனியா ஒரு ஆள் எதுக்கு? நாளைக்கு அவங்க வகுப்புல பார்க்கிறேன். நீங்க எதையும் தொடக்கூடாது" என்றார். அன்று மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை. ஆதம்பாக்கத்துக் காப்பிதான் ஞாபகம் வந்தது. முனுசாமியிடம் மட்டும் சொன்னேன்.

மறுநாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். செயலாளர் மிஷின் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். மேடம் ஃபிலிமைக் கோத்து, விளக்கை அணைத்து, ஓட்டினார். திரையில் பூ விரிந்தது. பிசிறில்லாத படம். என் வேலை போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன். ஐந்து நிமிஷம் கழித்து செயலாளர் காலைத் தூக்கினார். பிறகு வேட்டியைத் தூக்கினார். ஓடி வரும் ஃபிலிமைச் சுற்றிக்கொள்ள வேண்டிய பின் சக்கரத்தில் மேடம் நுனியை மாட்டவே இல்லை. வந்த ஃபிலிம் முழுக்கத் தரையில் வழிந்து, அவர் முழங்கால்வரை குவிந்திருந்தது. மேடமோ மகரந்தச் சேர்க்கையை விளக்கிக்கொண்டே இருந்தார்.

எந்த நாளும் அந்த நுனியை மாட்டிவிட்டுத்தான் அவர் விளக்கை அணைப்பார். அது எனக்கு மட்டும் தெரியும். முனுசாமி மேடமிடம் போய்ச் சொல்லியிருக்கிறார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. இருட்டில் எனக்கு அழுகை வந்துவிட்டது. விளக்கைப் போட்டதும் மேடம் ஃபிலிம் குவியலைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "எனக்கு இதெல்லாம் சரியா வராது சார். அந்தத் தம்பி பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும்."

கல்யாணத்துக்குப் பிறகு

ஏப்ரலில் ஆர்டர் வந்தது, மே மாதம் கல்யாணம். மேடம் வந்து விஜயாவுக்குப் பூ வைத்துவிட்டு, முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனார். நான் சந்தோஷத்தில் மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. அவர் சொன்ன பொய்யை அவரே காப்பாற்ற வேண்டியிருந்தது. மிஷின் ஓட்டத் தெரியாது என்று செயலாளர் எதிரில் சொன்னவர், அதற்குப் பிறகு ஓட்ட முடியுமா? ரிட்டையர் ஆகும்வரை ஒன்பது வருஷம், நான் ஃபிலிம் கோக்கக் கோக்கக் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவரைவிட நான் மெதுவாகத்தான் கோப்பேன். அவருக்கும் அது தெரியும்.

ஒருநாள் யாருமில்லாத நேரத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. "மேடம், கதவைச் சாத்திடறேன். இன்னிக்கு நீங்களே ஓட்டுங்க" என்றேன். அவர் மிஷினைப் பார்த்தார், பிறகு தன் விரல்களைப் பார்த்தார், பிறகு கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டார். "வேண்டாம் தம்பி. ஒருதடவை தொட்டுட்டா நாளைக்கு வகுப்பில கை சும்மா இருக்காது."

ஒரு கல்லூரிக்கே மிஷின் கற்றுக்கொடுக்கப் போனவன் நான். கற்றுக்கொண்ட ஒரே ஒருவரைக் கை கட்டி நிற்க வைத்துத்தான் பர்மனென்ட் ஆனேன்.