ப்ளூமாவின் பசி

வீட்டுக்குள் நுழைந்ததும் ப்ளூமா முதலில் காலுறைகளைத்தான் கழற்றுவாள். எங்கள் யூதர் ஊரான பினே பிராக்கின் ஆகஸ்ட் வெயிலில் காலோடு ஒட்டிப்போன அந்தத் தடித்த பழுப்புக் காலுறைகளை முழங்காலிலிருந்து மெல்ல உருட்டி, கணுக்காலில் கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கி, பிறகு உதறி எறிவாள். ரப்பர் அழுத்திய சிவந்த தடத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டு "ஆ..." என்பாள். அந்தச் சத்தம் மேல்மாடியில் இருக்கும் எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

"ஜன்னல் திறந்திருக்குடி!" என்று நான் மேலிருந்து கத்துவேன்.

"இருக்கட்டும். காலு என்னுது. உனக்கென்னடி வெக்கம்?"

ஐம்பதைத் தாண்டியவள். எட்டுப் பிள்ளைகள். காலையில் மழலையர் பள்ளியில் ஊரார் பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பாள். மதியம் வீட்டுக்கு வந்தால் பேரப்பிள்ளைகளின் மூக்கு காத்திருக்கும். கல்யாணமான பெண்கள் கட்டும் தலைத்துணி எப்போதும் ஒரு பக்கம் சரிந்திருக்கும். முதுகு அரித்தால் சமையலறைக் கதவுச் சட்டத்தில் சாய்ந்து, மாடு மரத்தில் தேய்ப்பதுபோலத் தேய்த்துக்கொள்வாள். எதிரே யார் இருந்தாலும் கவலையில்லை. யாரைப் பார்த்தாலும் நலம் விசாரிக்கிற விதம் ஒன்றே: "உடம்பு என்ன சொல்லுது?" கேட்டுவிட்டு, பதில் வருகிறவரை நகராமல் நிற்பாள்.

எங்கள் தெருவில் அவளுக்கு 'டீச்சர்' என்று பெயர் வந்தது மழலையர் பள்ளியால் அல்ல. கல்யாணம் நிச்சயமான பெண்களுக்கு அவள் பாடம் சொல்லித் தந்துவந்தாள். பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் எதுவுமே சொல்லப்படாமல் வளர்ந்த பெண்கள், கல்யாணத்துக்கு முந்தைய மாதங்களில் மாலை வேளைகளில் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்காருவார்கள். புருஷனை எந்த நாட்களில் தொடலாம், எந்த நாட்களில் கூடாது, மாதவிலக்குக்குப் பின் தீட்டுக் கழிக்கும் முழுக்குக் குளத்துக்கு எப்படித் தயாராக வேண்டும் என்றெல்லாம் சட்டம் சட்டமாக ஒப்பிப்பாள். கடைசிப் பாடம் மட்டும் மிகச் சிறியது.

"கண்ண மூடிக்கோ. வேதத்துலேந்து ஒரு சங்கீதம் மனசுக்குள்ள சொல்லு. அது முடியறதுக்குள்ள இதுவும் முடிஞ்சிரும்."

அவளுக்கு அவளுடைய டீச்சர் சொன்னதும் அதேதான். எட்டுப் பிள்ளைகளும் அந்தச் சங்கீதத்தின் வேகத்திலேயே வந்தார்கள்.

கடைசிப் பிரசவத்தில் தொடங்கிய முதுகுவலியை வருஷக்கணக்காகச் சகித்து, முடியாமல் போனபோது மருத்துவர் அவளை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். ரிம்மா என்ற ரஷ்யப் பெண். குட்டை முடி, அரைக்கைச் சட்டை. எந்த வேலையும் செய்யக்கூடாத சனிக்கிழமை ஓய்வுநாளில்கூடக் கார் ஓட்டுகிறவள். எங்கள் கணக்கில் வேறு கிரகம். முதல் நாள் ரிம்மா சொன்னாள்:

"வயித்து மேல கைய வைங்கம்மா. என்ன தெரியுது?"

"என்ன தெரியணும்?"

"சூடா இருக்கா, இறுக்கமா இருக்கா, பசிக்குதா... ஏதாவது."

ப்ளூமா நிஜமாகவே யோசித்துப் பார்த்தாளாம். "பசி அங்கயா தெரியும்? நான் பிள்ளைங்கள அடிக்கக் கை ஓங்கினேன்னா, அன்னிக்குச் சாப்பிடலேன்னு அர்த்தம்."

இதை என்னிடம் சொல்லும்போது ப்ளூமா சிரித்தாள். ரிம்மா சிரிக்கவில்லையாம்.

நாங்கள் வளர்ந்த வீடுகளில் கழுத்துக்குக் கீழே எதற்கும் பெயர் கிடையாது. எல்லாம் 'அங்க'தான். போர்வைக்குள் உடை மாற்றுவோம். குளியலறையில் கண்ணாடி இருந்தால் முகம் தெரியும் அளவுக்கு மட்டும் இருக்கும். உடம்பு என்பது பிள்ளைகளைச் சுமக்கவும் பாத்திரம் கழுவவும் கூடவே வருகிற ஒரு வேலைக்காரி. வேலைக்காரியிடம் யாரும் சௌக்கியமா என்று கேட்பதில்லை.

முதலில் அவளுக்குத் திரும்பக் கிடைத்தது பசி. அதுவரை பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த ரொட்டி ஓரங்களையும் ஆறிப்போன நூடுல்ஸையும் நின்றபடியே விழுங்கி வந்தவள், ஒருநாள் சந்தையில் அத்திப்பழம் வாங்கினாள். தனக்கு மட்டும். கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்து, பழத்துக்குரிய ஆசீர்வாத ஜெபத்தைச் சொல்லி, தோலோடு கடித்தாள். "வெளிய ஒருத்தன் 'அம்மா'ன்னு கதவத் தட்டிட்டே இருக்கான். நான் தின்னுட்டே இருந்தேன். முடிச்சுட்டுத்தான் திறந்தேன்டி" என்று அதை ஒரு கொள்ளை அடித்த கதைபோல என்னிடம் சொன்னாள்.

மற்றது கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஒரு வியாழக்கிழமை, ஓய்வுநாள் சமையலுக்கு அரிசியில் பூச்சி பார்த்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"நேத்து ராத்திரி ஆவ்ரெம்கிட்ட 'கொஞ்சம் இருங்க'ன்னேன். 'வலிக்குதா?'ன்னு பதறிட்டாரு. 'வலிக்கல. வலிக்கலேன்னுதான் இருக்கச் சொல்றேன்'னேன். மனுஷன் அப்படியே கல்லாயிட்டாரு. பாவம், அவருக்கு மட்டும் யாரு சொல்லிக் குடுத்தா?"

அவள் புருஷன் ஆவ்ரெம் நாள் முழுக்க மறைநூல் படிக்கும் மனிதர். எறும்பை மிதித்துவிட்டால்கூட அது பாவமா என்று விசாரிக்கப் போகிறவர். மறுநாளே தன் மதகுருவான ரப்பியிடம் ஓடினார். மனைவி இருக்கச் சொன்னால் இருக்கலாமா? கிழவர் தாடியைத் தடவிக்கொண்டே அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை இறக்கினாராம். பிறகு, "இருக்கலாம்னு இல்லப்பா. இருக்கணும். அவளைச் சந்தோஷப்படுத்தறது உன் கடமை. நீ படிச்ச புஸ்தகத்துலயே இருக்கே!" என்றாராம்.

ஆவ்ரெம் நல்ல சேதி கொண்டுவந்தவர்போல வந்து இதைச் சொன்னார். ப்ளூமாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தவள் நான். சமையலறை முக்காலியில் உட்கார்ந்து மடியில் கைகளைப் போட்டபடி இருந்தாள்.

"எழுதி வச்சிருக்காங்கடி. முப்பது வருஷமா அந்த அலமாரியில இருக்கு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நான்தான் தூசி தட்டறேன்."

அதற்குப் பின் எல்லாம் இனித்தது என்று எழுதினால் அது பொய். அவள் முதுகு இன்னும் வலிக்கிறது. "சில ராத்திரி அது வருது, சில ராத்திரி தூக்கம் ஜெயிச்சிருது. தூங்கறதும் சுகந்தான், போ" என்பாள். இருபது வயதில் கிடைத்திருக்க வேண்டியது ஐம்பதில் கிடைத்தால் அதைத் தூக்கிக் கொண்டாடவும் தெம்பு வேண்டியிருக்கிறது.

ஆனால் கடைசிப் பாடத்தை மாற்றிவிட்டாள். "வலிச்சா சொல்லு. நல்லா இருந்தாலும் சொல்லு. ரெண்டுக்கும் ஒரே வாய்தான். அவசரப்படாதே, அவனையும் அவசரப்பட விடாதே."

ஒரு பெண் இதை வீட்டில் போய் அப்படியே ஒப்பித்துவிட்டாள். அந்த வாரமே ரப்பி வீட்டம்மா கசகசா கேக்கோடு வந்து இறங்கினார். நான் உப்பு வாங்கப் போய் அங்கே மாட்டிக்கொண்டேன்.

"ப்ளூமா, அந்தப் பொண்ணுங்களுக்குப் பசின்னா என்னன்னே தெரியாது. நீ எதுக்கு விருந்தப் பத்திப் பேசற?"

"பசி தெரியாமத்தான் நான் எட்டு பெத்தேன்."

"பெத்தியே! ஒன்னும் குறைஞ்சிடலையே? குடும்பம் நடக்கலையா?"

"குடும்பம் நடந்துதும்மா. நான்தான் அதுல இல்ல."

"நம்ம வழியவிட்டு வெளிய போற பேச்சு இது."

"ஆண்டவனை விட்டு நான் எங்கயும் போகல. அவருக்கும் எனக்கும் நடுவுல நின்ன பேச்சத்தான் தள்ளி வச்சிருக்கேன். கேக் ஒரு துண்டு வெட்டட்டுமா?"

ரப்பி வீட்டம்மா கேக்கைத் தொடவில்லை. மணப்பெண்கள் வருவது நின்றது. அது போனால் போகிறது. ஆனால் கடைசி மகள் ஷிஃப்ராவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. பேசி முடிகிற நிலையில் இருந்த நல்ல இடம் ஒன்று காரணம் சொல்லாமல் விலகியது. அடுத்ததும் அப்படியே. மகளின் குரல் மாடிவரை வந்தது.

"இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? உன் சுகத்துக்கு நான் வீட்டுல உக்காரணுமா?"

அந்தச் சில மாதங்களில் ப்ளூமா அத்திப்பழம் வாங்கியதை நான் பார்க்கவில்லை.

கடைசியில் ஹைஃபாவிலிருந்து ஒரு பையன் அமைந்தான். முன்பு ஒரு நிச்சயம் முறிந்தவன் என்பதால் அவர்களும் நிறையக் கேள்வி கேட்கவில்லை. அமைதியான பையன். ஷிஃப்ரா பாடத்துக்குப் பக்கத்துத் தெருவில் வேறு டீச்சரிடம் போனாள். மாலையில் திரும்பி வந்து, அம்மாவைப் பார்க்காமல் அறைக்குள் போய்விடுவாள். "கேட்டா சண்டை வரும். கேக்காம இருந்தா வயித்துல கல்லு கெடக்குது" என்றாள் ப்ளூமா. கேட்கவே இல்லை. கல்யாணத்தில் ஆடினாள். களைத்துப்போய், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம். நான் அவள் சமையலறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ப்ளூமா படுக்கப் போவதாகச் சொல்லி எழுந்தபோது ஷிஃப்ரா வந்தாள். புதுத் தலைத்துணி, கையில் ஒரு பெரிய பாத்திரம்.

"இதக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

வாங்கி அலமாரியில் வைத்தாள் ப்ளூமா. ஷிஃப்ரா போகவில்லை. மேசையில் இருந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒன்று சேர்த்தாள், கலைத்தாள்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"அவரு நல்லா இருக்காரா?"

"நல்லவருதாம்மா. திட்டறதெல்லாம் இல்ல." துணுக்குகளை மறுபடியும் சேர்த்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. "அம்மா... எப்பவும் வலிக்கறது... அது சரிதானா?"

நான் கோப்பையை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் எழுந்தேன். தொலைபேசி அடித்தது. இரண்டாவது மணிக்குள் ப்ளூமா எட்டி ரிசீவரை எடுத்தாள். காதில் வைக்கவில்லை. இணைப்பைத் துண்டித்து, ரிசீவரை மேசைமேல் மல்லாக்கப் போட்டுவிட்டு, மகளுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.